காவல்துறைக் கோப்பில் சேர்க்கப்படாததைக் குறுக்கு விசாரணையில் எப்படிக் கேட்பது? (மரண தண்டனை வழக்குகள்)

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்ட அமர்வு நீதிமன்றம் ஒன்றில் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் இரண்டு ஆண்டுகளாக ஜூனியராக இருக்கிறேன். இலவச சட்ட உதவி வழியாக எங்கள் அலுவலகத்துக்கு வரும் கொலை வழக்குகளில் குறுக்கு விசாரணைக் குறிப்புகளைத் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. அதற்கு உதவும் என்று எண்ணி, மரண தண்டனையை நீக்கி உச்ச நீதிமன்றம் விடுதலை அளித்த தீர்ப்புகளைச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அவற்றுள் அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கின் தீர்ப்பு என்னைத் தூங்கவிடவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003 ஜூன் 5 இரவு மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் தோட்டத்துக் குடிசை ஒன்றில் புகுந்த கும்பல் ஐந்து பேரைக் கொன்றது. பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டனர். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணும் அவருடைய மகனும் உயிர் தப்பினர். நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. விசாரணை நீதிமன்றம் 2006-இல் ஆறு பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2007-இல் மூவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 2009 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் சேர்த்து ஆறு பேருக்கும் மீண்டும் தூக்கு என்று தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச் 5 அன்று, அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்து, ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு மாநில அரசுக்கு உத்தரவிட்டது.

என்னை உலுக்கியது விடுதலைக்கான காரணம். உயிர் தப்பிய அந்தப் பெண்மணி, சம்பவம் நடந்த இரண்டே நாளில், காவல் நிலையத்தில் வைத்திருந்த பழைய குற்றவாளிகளின் ஒளிப்படத் தொகுப்பைப் பார்த்து நான்கு பேரை அடையாளம் காட்டியிருக்கிறார். அந்த நால்வரில் ஒருவர்கூட இந்த ஆறு பேரில் இல்லை. அந்த நால்வரையும் காவல்துறை கைது செய்யவில்லை, அவர்கள் மீது குற்றப்பத்திரிகையும் தாக்கல் செய்யவில்லை. கண்ணால் கண்ட முதன்மைச் சாட்சி மனத்தில் நினைவு ஈரமாக இருந்தபோது காட்டிய முகங்கள் ஒருபுறம், பிற்பாடு கூண்டில் ஏற்றப்பட்ட முகங்கள் மறுபுறம். இதற்கு உரிய எடை கிடைக்க 16 ஆண்டுகளும் மூன்று படிநிலை நீதிமன்றங்களும் தேவைப்பட்டிருக்கின்றன.

கோப்பில் உள்ளதைத் துருவிக் கேட்க எனக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்வையிடும்போதும் பொருள்களைக் கைப்பற்றும்போதும் காவல்துறை எழுதும் பதிவு) கையொப்பமிட்ட சாட்சி எந்த ஊர்க்காரர், கையொப்பம் எங்கே வாங்கப்பட்டது, முதல் தகவல் அறிக்கை நடுவரின் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்பனவற்றை என்னால் கேட்க முடியும். புலன்விசாரணை அதிகாரி கோப்பிலேயே சேர்க்காமல் விட்ட ஒன்றை, அது இருக்கிறது என்றே அறியாத நான் எப்படிக் கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

பதில் 1: சாட்சிக் கூண்டுக்கு எதிரே

அன்புள்ள தங்கைக்கு,

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின் பக்கம் நின்று, குற்ற வழக்குகள் நடத்தி வருகிறேன். நீங்கள் கேட்டிருப்பது சட்டக் கல்லூரியில் யாரும் சொல்லித் தராத பாடம். நானும் சில வழக்குகளைத் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன்.

நமக்கு நகலாக வந்து சேரும் கட்டு, காவல்துறையிடம் உள்ள காகிதங்களில் ஒரு பகுதி மட்டும்தான் என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 207-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 230-ஆம் பிரிவு, இவற்றின்படி அரசுத் தரப்பு எதை நம்பி வழக்கு நடத்துகிறதோ அதன் நகலை நமக்குத் தந்தாக வேண்டும். நம்பாததைத் தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. எதை நம்புவது, எதை நம்பாமல் விடுவது என்று முடிவு செய்பவரோ புலன்விசாரணை அதிகாரி. ஒரு சாட்சி வேறு ஆளைக் காட்டினார் என்றால், அந்த வாக்குமூலம் 'நம்பாத' அடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதன்பின், புலன்விசாரணையின் போக்கை அதிகாரி நாள்தோறும் எழுதிவைக்கும் வழக்கு நாட்குறிப்பு இருக்கிறது. அதை நீதிபதி வரவழைத்துப் பார்க்கலாம். எதிரித் தரப்பு கேட்டுப் பெற முடியாது. அதிகாரி கூண்டில் நின்றபடி தம் நினைவைப் புதுப்பிக்க அந்த நாட்குறிப்பைப் புரட்டினால் மட்டும், புரட்டிய அந்தப் பகுதியைப் பார்க்க நமக்கு உரிமை பிறக்கும். கூண்டில் நிற்கும் அதிகாரியின் வாயைக் கவனிப்பதைப் போலவே கையையும் கவனிக்க வேண்டும் என்று என் சீனியர் சொல்லுவார்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் 2021-இல் கிடைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 20 அன்று, குற்ற வழக்கு விசாரணைகளில் உள்ள குறைபாடுகள் குறித்துத் தானாக எடுத்துக்கொண்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒரு மாதிரி விதித் தொகுப்பை இறுதி செய்து, அதை ஏற்றுக்கொள்ளுமாறு உயர் நீதிமன்றங்களுக்கும் மாநில அரசுகளுக்கும் உத்தரவிட்டது. அதன் நான்காவது விதியின் விளக்கம் என்ன சொல்கிறது தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல்கள் வழங்கும்போது, புலன்விசாரணை அதிகாரி நம்பாமல் விட்ட வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருள்கள், சான்றுகள் ஆகியவற்றின் பட்டியலையும் சேர்த்து வழங்க வேண்டும் என்கிறது. அடுத்த ஆண்டு மத்தியப் பிரதேச மரண தண்டனை வழக்கு ஒன்றில், மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற தீர்ப்பில், இந்தக் கடமையை நீதிமன்றம் மீண்டும் அழுத்திச் சொன்னது. பட்டியல் கையில் கிடைத்தால், அதில் 'ஒளிப்படத் தொகுப்பு, 1' என்று ஒரே ஒரு வரி இருந்தால் போதும்; மீதியை நீங்கள் கேட்டு வாங்கிவிடலாம். நடைமுறையில் இந்தப் பட்டியல் தானாக வந்து சேர்வதில்லை. நகல் வழங்கும் நாளிலேயே மனுப் போட்டுக் கேட்க வேண்டும். அப்படி ஒரு பட்டியலே இல்லை என்று அரசுத் தரப்பு எழுத்தில் பதில் தந்தால், அந்தப் பதிலே பிற்காலத்தில் மேல்முறையீட்டில் உங்களுக்கு ஆயுதமாகும்.

இது ஒரு வழி. மற்றொரு வழி, கோப்புக்கு வெளியே, காவல்துறையால் எளிதில் மாற்ற முடியாத பதிவுகளைத் தேடிப் போவது. காவல் நிலையப் பொது நாட்குறிப்பு, அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, சிறையில் உள்ளே அனுப்பும்போது எழுதப்படும் உடல் காயக் குறிப்பு, பொருள்களை நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம் 95, தடய அறிவியல் ஆய்வகத்தின் வரவுப் பதிவு ஆகியவற்றில் ஒவ்வொன்றும் வெவ்வேறு கையால் எழுதப்படுபவை. மகஜரில் ஒரு தேதி, படிவத்தில் வேறொரு தேதி என்று அவை ஒன்றோடொன்று முட்டும் இடத்தில்தான் உங்கள் முதல் கேள்வி காத்திருக்கும். கண்காணிப்புக் கேமராப் பதிவையும் மறந்துவிடாதீர்கள். 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நம் வழக்குகளில் வாதம் தொடங்கவே 18 மாதங்களுக்கு மேல் ஆகிவிடும் என்பதால், குற்றம் சாட்டப்பட்டவர் காவல் அடைப்புக்காக (ரிமாண்ட்) நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படும் முதல் நாளிலேயே பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனுவைத் தாக்கல் செய்துவிடுங்கள். பிற்பாடு கேட்டால் அழிந்துவிட்டது என்ற பதில்தான் வரும்.

சில வழக்குகளில் மறைப்பதற்குக்கூட எதுவும் இருக்காது. முழுப் பூசணிக்காய் சோற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கும், பார்க்கத்தான் ஆளிருக்காது. குஜராத்தின் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2002 செப்டம்பர் 24 அன்று நடந்த அந்தத் தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். தாக்கிய இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ ஓராண்டு கழித்துச் சிலர் கைது செய்யப்பட்டார்கள். பொடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் காவல்துறை அதிகாரி பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலங்களும், இறந்த இருவரின் கால்சட்டைப் பைகளில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட இரண்டு உருதுக் கடிதங்களும்தான் வழக்கின் தூண்கள். உடல்களைக் குண்டுகள் துளைத்திருந்தன, உடைகள் இரத்தத்தில் தோய்ந்திருந்தன. அந்தப் பைகளில் இருந்ததாகச் சொல்லப்பட்ட கடிதங்களிலோ துளையும் இல்லை, கறையும் இல்லை. உயர் நீதிமன்றம் இதையும் கடந்துபோய் 2010-இல் மூவரின் தூக்குத் தண்டனையை உறுதி செய்தது. 2014 மே 16 அன்று நீதிபதிகள் ஏ.கே. பட்நாயக், வி. கோபால கௌடா ஆகியோரின் அமர்வு ஆறு பேரையும் விடுவித்தது. நாடே மக்களவைத் தேர்தல் முடிவுகளை எண்ணிக்கொண்டிருந்த நாள் என்பதால் அந்தத் தீர்ப்பு பலரின் கண்ணில் படவேயில்லை.

ஷிண்டே வழக்கின் சமூகப் பின்னணியையும் நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஊருக்கு ஊர் இடம்பெயரும் ஏழைகள், மேல்முறையீட்டுக்கு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லாதவர்கள். நம் பக்கத்தில் திருட்டு வழக்கு என்றாலே குறவர், இருளர் குடியிருப்புகளின் பக்கம் ஜீப் முதலில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், தூக்குக் கைதிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று தெரியவந்தது. கைதான முதல் வாரத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போவதன் விளைவு, எட்டாவது ஆண்டில் மேல்முறையீட்டுக் கட்டில் தெரிகிறது.

---

பதில் 2: ஓய்வில் ஓர் ஆய்வாளர்

வழக்கறிஞர் ஐயா சொன்னவற்றுள் பெரும்பகுதியை நான் மறுக்கவில்லை. ஆனாலும் மறுபக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

புலன்விசாரணையில் நேரும் குறை ஒவ்வொன்றும் சதி ஆகிவிடாது. நான் ஆய்வாளராக இருந்த காலத்தில், காலையில் கோயில் திருவிழா பந்தோபஸ்து, மதியம் அமைச்சர் வருகை, இரவில் கொலை வழக்கின் மகஜர் என்று எல்லாம் ஒரே தலையில்தான் விழுந்தன. சட்டம் ஒழுங்குப் பணியையும் புலன்விசாரணைப் பணியையும் பிரிக்க வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டும், அந்தப் பிரிவினை சிற்றூர் நிலையங்களை இன்னும் எட்டவில்லை. ஒரு வழக்கில், உடற்கூறாய்வில் எடுத்த மாதிரிகள் அடங்கிய பெட்டி வாகனம் கிடைக்காமல் பதினொரு நாள் நிலையத்தின் எழுத்தர் மேசைக்கு அடியில் கிடந்தது. யாரும் அதைத் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் திறக்கவில்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நல்ல வேளையாக அந்த வழக்கு வேறு சாட்சியங்களின் மேல் நின்றது.

அதனால்தான் தேனி மாவட்டத்துச் சுருளி அருவி வழக்கின் தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, உறுத்தல்தான் வந்தது. 2011-இல் அருவிக்குப் போன காதலர் இருவர் கொல்லப்பட்ட அந்த வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மரபணு மாதிரிகள் எடுத்த நேரத்திலிருந்து ஆய்வகம் போய்ச் சேரும்வரை யார் பொறுப்பில், எந்த நிலையில் இருந்தன என்பதற்கு நம்பத்தக்க தொடர்ச்சி இல்லை என்பது முக்கியக் காரணங்களில் ஒன்று. இனி மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குச் சேர வேண்டும், தாமதமானால் காரணத்தை எழுத வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றி முத்திரையைப் பிரிக்கக் கூடாது, கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற்றி அதை வழக்குக் கட்டில் இணைக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு நாடு முழுமைக்கும் கட்டளையிட்டிருக்கிறது. அன்று எனக்கு அப்படி ஒரு பதிவேடு இருந்திருந்தால் அந்தப் பதினொரு நாளும் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அதேபோல், குறைபாடுள்ள விசாரணை என்பதற்காகவே எதிரியை விடுவித்துவிட முடியாது என்பதும் உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன சட்டம்தான். கர்னைல் சிங் வழக்கில் 1995-இல் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அலட்சியத்தையும் சோடிப்பையும் ஒரே தராசில் வைத்து நிறுத்தால், உண்மையான குற்றவாளி தப்புவான், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு எவரும் பதில் சொல்லாத நிலை வரும். ஷிண்டே வழக்கிலும் அதுதானே நடந்தது? அந்த அம்மா காட்டிய நான்கு பேரைத் தேடியிருக்க வேண்டிய நாள்களில் தேடாமல் விட்டதால் அவருக்கு நீதி யார் கையிலிருந்தும் கிடைக்கவில்லை.

---

பொருநைக்கரை

இருவருக்கும் நன்றி. ஆய்வாளர் ஐயா, தங்கள் வெளிப்படையான பதிவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஓர் ஐயம்: அலட்சியத்துக்கும் சோடிப்புக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறதே. ஒருவர் சொன்னதை அதிகாரி எழுதுகிறார், ஆனால் முழுவதும் எழுதவில்லை. எழுதியதில் பொய் ஏதும் இல்லை. இதை எந்த வகையில் சேர்ப்பது? இங்கே எல்லோருக்கும் பேரறிவாளன் வழக்கு நினைவுக்கு வரும் என்று எண்ணுகிறேன்.

---

பதில் 3: வேலூர் வாசகன்

நினைவுக்கு வராமல் இருக்குமா? இருந்தாலும் அந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் சற்றுப் பொறுமையாக எழுதுகிறேன்.

1991 ஜூன் 11 அன்று கைதானபோது பேரறிவாளனுக்கு 19 வயது. இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தார், அவை ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டில் பயன்பட்டன என்பது அவர்மீதான குற்றச்சாட்டின் மையம். அதற்கான முதன்மை ஆதாரம், தடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழ் சி.பி.ஐ. காவல் கண்காணிப்பாளர் வி. தியாகராஜன் பதிவு செய்த ஒப்புதல் வாக்குமூலம். சாதாரணச் சட்டத்தில் காவல்துறை அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் செல்லாது. தடா அந்தத் தடுப்புச் சுவரை இடித்தது. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்து, 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு. இது தடாவின்கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே இல்லை என்று அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவின்கீழ் எடுத்த ஒப்புதல் வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றும் சொன்னது. மரம் விழுந்துவிட்டது, கிளை மட்டும் அந்தரத்தில் நின்றது.

2013-இல் தியாகராஜன் வெளிப்படையாகப் பேசினார். அந்த பேட்டரிகள் எதற்குப் பயன்படப் போகின்றன என்பது தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் கூறியதைத் தாம் வாக்குமூலத்தில் சேர்க்காமல் விட்டதாக அவர் ஒப்புக்கொண்டார். பிற்பாடு உச்ச நீதிமன்றத்திலும் அதைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்தார். பேட்டரி வாங்கியது ஒரு செயல். எதற்கென்று தெரிந்து வாங்கியதுதான் குற்றம். அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தால் மீதி இருப்பதை ஒப்புதல் வாக்குமூலம் என்று அழைக்க முடியுமா என்ற கேள்வியே எழுந்திருக்கும். தாங்கள் கேட்ட மூன்றாவது வகை இதுதான். எழுதியதில் பொய் இல்லாமலே பொருள் முழுவதும் மாறிவிடுகிறது.

குழப்பிக்கொள்ளக் கூடாத விஷயம் என்னவென்றால், பேரறிவாளன் நிரபராதி என்று எந்த நீதிமன்றமும் அறிவிக்கவில்லை. 2014 பிப்ரவரி 18 அன்று தூக்கு ஆயுளாகக் குறைந்தது கருணை மனுவின்மேல் ஏற்பட்ட தாமதத்துக்காக. 2022 மே 18 அன்று அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி விடுவித்ததும், ஆளுநர் முடிவெடுக்காமல் இழுத்தடித்ததைச் சார்ந்தே. தண்டனை பற்றித்தான் கதவு திறந்தது; புலன்விசாரணை பற்றிய கதவு மூடியே இருந்தது. 1999-இல் அமர்வுக்குத் தலைமை வகித்த நீதிபதி கே.டி. தாமஸ், 2017-இல் சோனியா காந்திக்குக் கடிதம் எழுதி இந்தக் கைதிகளிடம் பெருந்தன்மை காட்டும்படி கேட்டுக்கொண்டார். ஓய்வுபெற்ற அதிகாரியும் ஓய்வுபெற்ற நீதிபதியும் பேசினார்கள். பணியில் இருந்த அமைப்பு பேசவில்லை.

---

பதில் 4: ஜப்பானிலிருந்து ஒருவன்

நான் வழக்கறிஞன் அல்லன். ஹமாமட்சு நகரில் இயந்திரத் தொழிற்சாலையில் பணிபுரிகிறேன். ஹகமாடா இவாவோ விடுதலையாகி வந்து தம் அக்காள் ஹிதெகோவுடன் வாழ்ந்த ஊர் இதுதான். இங்கே பேசப்பட்ட அத்தனையும் ஒரே வழக்கில் சேர்ந்து வந்ததைக் காண வேண்டுமென்றால் அவருடைய வழக்கைப் பார்க்க வேண்டும்.

1966 ஜூன் 30 அன்று ஷிஸுவோகா மாகாணத்தில், மிசோ என்னும் புளித்த சோயாவிழுது தயாரிக்கும் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரும் அவர் குடும்பத்தினர் மூவரும் கொல்லப்பட்டு, வீடு கொளுத்தப்பட்டது. அங்கே வேலை பார்த்த முன்னாள் குத்துச்சண்டை வீரரான ஹகமாடா ஆகஸ்ட் மாதம் கைது செய்யப்பட்டார். வழக்கறிஞர் உடனில்லாமல் நாளொன்றுக்குச் சராசரி 12 மணி நேரம் விசாரித்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரத்தில் ஒப்புக்கொண்டார். இப்படி எடுத்த 45 வாக்குமூலங்களில் 44-ஐ விசாரணை நீதிமன்றமே ஏற்க மறுத்தது. மிஞ்சிய ஒன்றை ஏற்றுக்கொண்டது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அரசுத் தரப்பு முதலில் சொன்ன கொலையாளியின் உடை இரவு உடுப்பு. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, சம்பவம் நடந்து 14 மாதங்கள் கழித்து, 1967 ஆகஸ்ட் 31 அன்று மிசோத் தொட்டியில் இரத்தக் கறையோடு ஐந்து உடைகள் கிடைத்தன. உடனே கதை மாறியது. கொலையாளி அணிந்தது இவற்றைத்தான் என்றார்கள். நீதிமன்றத்தில் அந்தக் கால்சட்டையை ஹகமாடாவுக்குப் போட்டுப் பார்த்தபோது தொடைக்கு மேல் ஏறவில்லை. அதில் இருந்த 'பி' என்ற குறி பெரிய அளவைக் காட்டுகிறது, மிசோவில் ஊறிச் சுருங்கிவிட்டது என்று விளக்கம் தந்தார்கள். அந்தக் குறி நிறத்தைக் குறிப்பது என்று தயாரிப்பாளர் தரப்பு காவல்துறையிடம் முன்பே சொல்லியிருந்தது. அந்தக் காகிதம் பல பத்தாண்டுகள் வெளியே வரவில்லை. உடைகளின் வண்ணப் படங்களும் மிகத் தாமதமாகவே எதிரித் தரப்பின் கைக்கு வந்தன. அவற்றில் கறை சிவப்பாக இருந்தது. ஓராண்டுக்கு மேல் மிசோவில் கிடந்த இரத்தம் சிவப்பாக இருக்குமா என்று ஆதரவாளர்கள் தாங்களே துணியில் இரத்தம் தோய்த்து மிசோவில் ஊறவைத்துச் சோதித்தார்கள். கறை கருத்துப்போனது. சமையலறை அறிவு என்று சிரிக்கலாம். இறுதியில் வழக்கு அந்தக் கேள்வியின் மேல்தான் திரும்பியது.

1968-இல் தூக்கு விதித்த மூன்று நீதிபதிகளில் இளையவரான குமமோட்டோ நோரிமிச்சிதான் தீர்ப்பை எழுதியவர். ஹகமாடா குற்றமற்றவர் என்றே தாம் நம்பியதாகவும், மற்ற இருவரின் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு எழுதியதாகவும் 2007-இல் அவர் வெளியே சொன்னார். நீதிபதி தாமஸ் பற்றி மேலே படித்தபோது இவர் நினைவு வந்தது.

மீள்விசாரணைக்கு 2014 மார்ச் 27 அன்று மாவட்ட நீதிமன்றம் அனுமதித்து அவரைச் சிறையிலிருந்து வெளியே விட்டது. 2018-இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனைக்கு அனுப்பியது. 2023-இல் அனுமதி மீண்டும் கிடைத்தது. 2024 செப்டம்பர் 26 அன்று 88 வயதில் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. ஒப்புதல் வாக்குமூலம், ஐந்து உடைகள், அவர் வீட்டிலிருந்து எடுத்ததாகச் சொன்ன துணித்துண்டு ஆகிய மூன்றும் விசாரணை அதிகாரிகளால் புனையப்பட்டவை என்று நீதிபதி குனீ கோஷி தீர்ப்பில் எழுதினார். அடுத்த மாதம் ஷிஸுவோகா காவல்துறைத் தலைவர் அவர் வீட்டுக்கே வந்து தலை வணங்கி மன்னிப்புக் கேட்டார். 2025-இல் 21 கோடியே 70 லட்சம் யென்னுக்கு மேல் இழப்பீடு தர உத்தரவானது. சிறையில் கழித்த ஒரு நாளுக்கு 12,500 யென் என்ற கணக்கு. பல பத்தாண்டுத் தூக்கு மேடைக் காத்திருப்பில் அவருடைய மனநிலை சிதைந்துவிட்டதால், வழக்கில் தாம் வென்றதைக்கூட அவர் முழுமையாக உணர்ந்தாரா என்பது ஐயமே. தீர்ப்பு வந்தபோது 91 வயதான ஹிதெகோதான் நீதிமன்றத்தில் அவருக்காக நின்றார்.

இங்கே இப்போது மீள்விசாரணைச் சட்டத்தைத் திருத்துவது பற்றிய பேச்சில் முன்னிற்கும் கோரிக்கைகளில் ஒன்று: அரசுத் தரப்பிடம் உள்ள சான்றுகள் அனைத்தையும் காட்ட வேண்டும்.

---

பதில் 5: சாட்சிக் கூண்டுக்கு எதிரே

ஜப்பானிலிருந்து எழுதிய தம்பிக்கு நன்றி. அந்த நாட்டின் காவல்துறைத் தலைவர் வீட்டுக்குப் போனதைப் படித்தபோது ஒன்று தோன்றியது. தவறிழைத்த அதிகாரிகளைக் கண்டறிந்து நடவடிக்கை எடுக்குமாறு ஷிண்டே தீர்ப்பும் உத்தரவிட்டது. அதற்கு முன்பே 2014 ஜனவரியில், கிஷன்பாய் வழக்கில், விடுதலையில் முடியும் ஒவ்வொரு வழக்கையும் ஆராய மாநிலந்தோறும் குழு அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அப்படி ஒரு குழுவின் அறிக்கையின் பேரில் அதிகாரி ஒருவர் பதில் சொன்னதை என் தொழில் வாழ்வில் நான் கண்டதில்லை. சுருளி அருவித் தீர்ப்பும் தவறான சிறைவாசத்துக்கு இழப்பீடு தரும் சட்டம் வேண்டுமா என்பதை நாடாளுமன்றத்தின் பொறுப்பில் விட்டிருக்கிறது.

தங்கைக்கு இன்னொரு குறிப்பு. மேல்முறையீட்டிலும் தோற்றுவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கட்டை மூடிவிட வேண்டாம். 2014 செப்டம்பரில் முகமது ஆரிஃப் வழக்கில், தூக்குத் தண்டனையின் மறுஆய்வு மனுவை நீதிபதிகள் தங்கள் அறையில் காகிதங்களை மட்டும் பார்த்து முடிக்காமல், மூன்று நீதிபதிகள் அமர்வு திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று ஆனது. அந்தக் கதவு வழியாகத்தான் ஷிண்டே வழக்கின் ஒளிப்படத் தொகுப்பு மீண்டும் உள்ளே வந்தது.

---

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை, இப்போது கையில் உள்ள ஒரு கொலை வழக்கின் கட்டை, நீங்கள் சொன்ன முறையில் தேதிகளையும் எண்ணிக்கைகளையும் மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டே படித்தேன். பார்வை மகஜரில் 12 ஒளிப்படங்கள் எடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறது. எங்களுக்குத் தந்த நகல்களில் 9 படங்களே உள்ளன. ஐந்து மாதங்களாக இந்தக் கட்டு என் மேசையில் இருக்கிறது. நான் எண்ணிப் பார்க்கவில்லை. மீதி மூன்று படங்களையும், நம்பாமல் விட்ட ஆவணங்களின் பட்டியலையும் கேட்டுத் திங்கட்கிழமை மனுத் தாக்கல் செய்யச் சீனியர் ஒப்புக்கொண்டுவிட்டார்.